ஆல்கஹால் நீக்கிய பீரும் ஓட்டத்துக்குப் பின் உடல் தேறுதலும்

நீண்ட ஓட்டத்துக்கோ கடும் விளையாட்டுக்கோ பின் ஆல்கஹால் இல்லாத பீர் குடிப்பது ஜெர்மனியில் இன்று ஊரறிந்த பழக்கம். மாரத்தான், டிரையத்லான், பனிச்சறுக்கு எதுவானாலும், முடிவுக்கோட்டைத் தாண்டி வருபவரிடம் தண்ணீர், வாழைப்பழம் ஆகியவற்றோடு நுரை ததும்பும் ஆல்கஹாலற்ற கோதுமை பீரும் ஒரு கோப்பை நீட்டப்படுகிறது. 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கு ஜெர்மன் வீரர்களுக்கென்றே க்ரோம்பாகர் நிறுவனம் 3,500 லிட்டர் ஆல்கஹாலற்ற பீரை அனுப்பி வைத்தது. இதற்குப் பின்னால் வணிக நோக்கம் இருப்பது உண்மை. உடலியல் சார்ந்த சான்றுகள் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தச் சான்றுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. இழந்த நீரை ஈடுசெய்வது, தசைக்குச் சர்க்கரையைத் திருப்பித் தருவது, அழற்சியைத் தணிப்பது, தூக்கத்துக்கு உதவுவது என ஒவ்வொன்றிலும் இந்தப் பானத்தின் தகுதி வேறுவேறு. பிரித்துப் பார்த்தால், அதன் நன்மையில் பெரும்பகுதி அதிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்றால், அதாவது ஆல்கஹால் இல்லாததால், வருவது என்பது தெரியும்.

ஆல்கஹாலற்ற பீர் என்ற பெயருக்கு ஜெர்மனியில் உள்ள எல்லை, கன அளவில் 0.5 விழுக்காடு ஆல்கஹால். இந்தியாவில் மதுபானங்களுக்கான 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் மதுபானம் எது என்பதை இதே 0.5 விழுக்காட்டை வைத்துத்தான் வரையறுக்கின்றன. 0.0 என்று அச்சிட்டு வருபவை இதனினும் கண்டிப்பானவை. 0.5 விழுக்காடு என்பது உடலுக்கு எவ்வளவு? அரை லிட்டர் புட்டியில் ஏறத்தாழ 2 கிராம் ஆல்கஹால். வழக்கமான பீரின் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் இருக்கும். ஃப்ரைபுர்க் நகரில் நடந்த ஒரு சோதனையில் 78 பேர் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றரை லிட்டர் ஆல்கஹாலற்ற பீர் குடித்தனர். அவர்கள் இரத்தத்தில் காணப்பட்ட மிகக் கூடிய ஆல்கஹால் அளவே 0.0056 விழுக்காடுதான். கல்லீரல் அதை உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. போதையோ சிறுநீர்ப் பெருக்கமோ ஏற்பட இந்த அளவு போதாது.

இந்தப் பானம் விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல, சாலைக்காகப் பிறந்தது. வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் ஆல்கஹால் துளியும் கூடாது என்று சட்டம் வைத்திருந்த கிழக்கு ஜெர்மனியில், 1972இல் கிழக்கு பெர்லினின் எங்கெல்ஹார்ட் ஆலை 'ஆவுபி' என்ற பீரை வெளியிட்டது. 'வாகன ஓட்டிகளின் பீர்' என்பதன் சுருக்கம் அது. மேற்கே ஃபிராங்க்ஃபர்ட்டின் பின்டிங் ஆலை 1979இல் கிளவுஸ்தாலரைக் கொண்டுவந்தது. நெடுங்காலம் இவை வேறு வழியில்லாதவர் குடிக்கும் பானமாகவே பார்க்கப்பட்டன. பவேரியாவின் எர்டிங்கர் ஆலை தன் ஆல்கஹாலற்ற கோதுமை பீரை ஓட்டப் பந்தயங்களின் முடிவுக்கோட்டுக்கே கொண்டுபோனபோது நிலைமை மாறியது. குடிக்க முடியாதவரின் மாற்றுப் பானமாக இருந்தது, ஓடி முடித்தவர் பெருமையோடு கையில் ஏந்தும் பானமானது. 2023இல் ஜெர்மனியில் ஏறத்தாழ 55 கோடி லிட்டர் ஆல்கஹாலற்ற பீர் உற்பத்தியானது. இது பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த அளவைப் போல இரு மடங்குக்கும் மேல்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தயாரிப்பு முறையே தீர்மானிக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை அல்லது கோதுமையை வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. கிடைக்கும் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்ப்பார்கள். இதுவரை எல்லாப் பீருக்கும் ஒரே வழி. இதன் பிறகு ஆல்கஹாலைத் தவிர்க்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ஆல்கஹால் உருவாகவே விடாமல் தடுப்பது. சாற்றை நன்கு குளிர்வித்து நொதித்தலைப் பாதியில் நிறுத்தலாம். அல்லது சாக்கரோமைகோடெஸ் லுட்விகி போன்ற ஈஸ்ட்டைப் பயன்படுத்தலாம். சாற்றிலுள்ள சர்க்கரையில் பெரும்பங்கு மால்டோஸ். இந்த ஈஸ்ட்டோ மால்டோஸைத் தொடாது. இப்படிச் செய்த பீரில் சர்க்கரை மிஞ்சி நிற்கும், நாவில் இனிப்பு தெரியும். மற்றொரு பாதை, முழுதாக நொதித்த பீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பது. காற்றழுத்தத்தை மிகவும் குறைத்தால் ஆல்கஹால் 40, 45 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தியும் அதை வடித்தெடுக்கலாம். இந்த வகைப் பீரில் சர்க்கரையை ஈஸ்ட் ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும். பல ஆலைகள் இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்துகின்றன. எனவே ஒரே பெயரில் விற்கும் இரண்டு புட்டிகளில் ஒன்று தசைக்குத் தேவையான சர்க்கரையைத் தரும், மற்றொன்று பெரும்பாலும் சுவையூட்டிய தண்ணீராகவே இருக்கும். உடல் தேறுவதற்காக வாங்குபவர் விளம்பரத்தை விட்டுவிட்டு, பின்புறம் அச்சிட்ட சத்துப் பட்டியலைப் படிப்பதே பயன் தரும்.

கடும் பயிற்சியில் உடல் முதலில் இழப்பது வியர்வை. வெயிலையும் வேகத்தையும் ஆளையும் பொறுத்து மணிக்கு அரை லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை அது போகலாம். ஒரு லிட்டர் வியர்வையோடு சுமார் ஒரு கிராம் சோடியமும் போகும், அதாவது இரண்டரை கிராம் சமையல் உப்பு. சிலருக்கு இது பாதியாகவும் சிலருக்கு இருமடங்காகவும் இருக்கும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்த சர்க்கரை கரைகிறது. தசைநார்களில் நுண்கிழிசல்கள் உண்டாகி அழற்சி தொடங்குகிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் அரை லிட்டர்.

பீரின் ஆல்கஹால் கெடுதல் செய்வது இந்த இடத்தில்தான். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரெசின், சிறுநீரகத்தில் நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோன். ஆல்கஹால் அதன் சுரப்பை அடக்கிவிடுகிறது. குடித்த நீர் உடலில் தங்காமல் வெளியேறுகிறது. எவ்வளவு ஆல்கஹாலுக்கு இது நிகழ்கிறது என்பதை அபர்டீன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷிரெஃப்ஸும் ரொனால்ட் மாவனும் 1997இல் அளந்து காட்டினார்கள். ஆறு ஆண்கள் வெக்கையான அறையில் சைக்கிள் மிதித்து, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை வியர்வையாக இழந்தனர். பிறகு, இழந்ததைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட பானத்தை ஒரு மணி நேரத்தில் குடித்தனர். நான்கு தடவை நடந்த சோதனையில் பானத்தின் ஆல்கஹால் அளவு மட்டும் 0, 1, 2, 4 விழுக்காடு என மாறியது. அடுத்த ஆறு மணி நேரமும் அவர்களின் சிறுநீர் அளக்கப்பட்டது. 2 விழுக்காடு வரை பெரிய வேறுபாடு இல்லை. 4 விழுக்காட்டில் சிறுநீர் கூடியது, இரத்தத்தின் நீர்ப்பகுதி பழைய நிலைக்குத் திரும்பவும் தாமதமானது. சாதாரண பீரில் ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நீரிழந்த உடலுக்கு அது ஏன் பொருந்தாது என்பதற்கும், 0.5 விழுக்காட்டுப் பீரில் அந்தச் சிக்கல் ஏன் இல்லை என்பதற்கும் இந்த ஒரு சோதனையே விடை சொல்லிவிடுகிறது.

ஆனால் சிக்கல் இல்லை என்பது ஒன்று, சிறந்தது என்பது வேறொன்று. நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஆய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. 11 ஆண்கள் மிதமாக வியர்த்த பின், இழந்த அளவுக்கே ஐந்து பானங்களை வெவ்வேறு நாள்களில் குடித்தனர்: ஆல்கஹாலற்ற பீர், 2 விழுக்காட்டுப் பீர், 5 விழுக்காட்டுப் பீர், ஐசோடானிக் விளையாட்டுப் பானம், தண்ணீர். ஐந்து மணி நேரம் கழித்து, விளையாட்டுப் பானத்தில் சுமார் 42 விழுக்காடு உடலில் தங்கியிருந்தது. 5 விழுக்காட்டுப் பீரில் தங்கியது அதில் பாதி. ஆல்கஹாலற்ற பீர் நடுவில், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றது. நீரை மீட்பதைப் பொறுத்தவரை ஆல்கஹாலற்ற பீர் நல்ல தண்ணீருக்குச் சமம், அதற்கு மேல் அல்ல என்பதே நேர்மையான முடிவு.

குறை எங்கே என்றால், உப்பில். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டுப் பானங்களுக்கு வகுத்த அளவுகோலில் லிட்டருக்கு 460 முதல் 1,150 மில்லிகிராம் வரை சோடியம் இருக்க வேண்டும். பெரும்பாலான ஆல்கஹாலற்ற பீரில் அது 150 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பொட்டாசியம் ஓரளவு உண்டு, ஆனால் வியர்வையில் பெருமளவு போவது சோடியமே. குடித்த நீரை உடலுக்குள் பிடித்து வைப்பதும் சோடியமே. இரண்டு கிலோ எடை இழந்த ஒருவர் மூன்று லிட்டரையும் ஆல்கஹாலற்ற பீராகவே குடித்தாலும், இழந்த இரண்டு கிராம் சோடியத்தில் கால் பங்குகூடத் திரும்பாது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் டெஸ்புரோ குழுவினர் 2013இல் இந்த வழியிலேயே போய், ஆல்கஹால் குறைந்த பீரில் சோடியம் கலந்து கொடுத்துப் பார்த்தனர். வழக்கமான பீரைவிட அது உடலில் கணிசமாகக் கூடுதலாகத் தங்கியது. புட்டியில் உப்பைக் கரைத்துச் சுவையைக் கெடுக்க யாரும் விரும்பமாட்டார்கள். பவேரியாவில் அதற்குத் தேவையும் இல்லை. அங்கே பீரோடு வரும் பிரெட்ஸெல் ரொட்டியின் மேல் பரல் உப்பு அப்பியிருக்கும். உப்புள்ள உணவோடு குடிக்கும்போது இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

புட்டிகளில் பெரிதாக அச்சாகும் 'ஐசோடானிக்' என்ற சொல்லை இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ நீரில் கரைந்துள்ள துகள்களின் மொத்தம் 270 முதல் 330 மில்லி ஆஸ்மோல் வரை இருந்தால், அதாவது இரத்தத்தின் செறிவை ஒட்டி இருந்தால், பானம் ஐசோடானிக். அந்தத் துகள்கள் சர்க்கரையா உப்பா என்று இச்சொல் சொல்வதில்லை. ஆல்கஹாலற்ற கோதுமை பீர் இந்த எல்லைக்குள் வருவது பெரும்பாலும் மால்டோஸ் போன்ற சர்க்கரைகளால். குடலில் விரைவாக உறிஞ்சப்பட அது உதவும். ஆனால் ஐசோடானிக் என்ற ஒரு சொல்லை வைத்து, உப்பையும் ஈடுகட்டிவிடும் என்று நம்பினால் ஏமாற்றமே. நீண்ட தூரம் ஓடுவோருக்கு இது சிறிய விஷயம் அல்ல. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கே இது அதிகம் நேர்ந்தது. தாகம் தீர்ந்த பின்னும், எடை பழைய நிலைக்கு வந்த பின்னும், நல்லது என்று எண்ணி லிட்டர் லிட்டராகக் குடிப்பது தண்ணீரானாலும் பீரானாலும் தவறு.

சர்க்கரையைப் பொறுத்தவரை ஆல்கஹாலற்ற பீரின் பங்கு நடுத்தரமானது. அடுத்த நாளே மறுபடி பயிற்சி செய்ய வேண்டியவர் கிளைகோஜனை விரைவாக நிரப்ப, முதல் நான்கு மணி நேரம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது மணிக்கு 70 முதல் 84 கிராம். சர்க்கரை மிஞ்சி நிற்கும் வகை ஆல்கஹாலற்ற பீரின் அரை லிட்டரில் 25 கிராமை ஒட்டிக் கிடைக்கும், ஒரு பெரிய வாழைப்பழத்தில் இருக்கும் அளவு. மால்டோஸ் இரத்தத்தில் விரைவாகக் குளுக்கோஸாக மாறக்கூடியது என்பது இதன் பலம். ஆனால் அரை லிட்டரில் கிடைப்பது ஒரு மணி நேரத் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியைச் சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோதான் தர வேண்டும். புரதமோ அரை லிட்டரில் இரண்டு கிராமுக்கு மேல் இராது. தசையைச் சீரமைக்க ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் வேண்டியிருக்கும்போது, இதைக் கணக்கில் எடுப்பதே வீண். இந்த வகையில் பால் எவ்வளவோ மேல், நீரைத் தக்கவைப்பதிலும் அப்படியே. 2016இல் மாவன் குழுவினர் பயிற்சி செய்யாமல் இருந்த 72 ஆண்களுக்குப் பதின்மூன்று பானங்களைக் கொடுத்து, எது உடலில் அதிகம் தங்குகிறது என்று வரிசைப்படுத்தினர். கொழுப்பு நீக்கிய பாலும், வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் தண்ணீரைவிடக் கணிசமாகக் கூடுதல் நீரைத் தக்கவைத்தன.

ஆனால் ஆல்கஹாலற்ற பீரைப் பாலோடு ஒப்பிடுவதைவிட, அது உண்மையில் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்று கேட்பதே பொருத்தம். ஜெர்மனியின் ஊர்க் கால்பந்துக் கழகங்களில் ஆட்டம் முடிந்தபின் அணியினர் சேர்ந்து அமர்ந்து பீர் குடிப்பது பல தலைமுறை வழக்கம். அந்த மேசையில் பால் வராது. வருவது பீர் அல்லது ஆல்கஹாலற்ற பீர். மெல்பர்னில் எவலின் பார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனை, இந்தத் தேர்வின் விலையைக் காட்டுகிறது. எட்டு ஆண்கள் கடும் பயிற்சிக்குப் பின் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.5 கிராம் ஆல்கஹால் குடித்தனர். அளவு மிக அதிகம்தான், ஆனால் வெற்றி கொண்டாடும் அணிகளில் காணக்கூடியதே. போதிய புரதம் சேர்த்துச் சாப்பிட்டும் தசைப்புரதம் உருவாகும் வேகம் 24 விழுக்காடு குறைந்தது. புரதத்துக்குப் பதில் மாவுச்சத்து மட்டும் சாப்பிட்டபோது 37 விழுக்காடு குறைந்தது. குடித்தவர் சரியாகச் சாப்பிடாமல் போவதால் கிளைகோஜன் நிரம்புவதும் பின்தங்குகிறது. நண்பர்களோடு அதே மேசையில், அதே கோப்பையோடு, அதே கசப்புச் சுவையை ரசித்தபடி இந்த இழப்புகள் அனைத்தையும் தவிர்க்க முடிகிறது என்பதே ஆல்கஹாலற்ற பீரின் மிகப் பெரிய பலன். ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாத இந்தக் கூட்டுறவும் உடல் தேறுவதில் ஓர் அங்கம்தான். பயிற்சி பெறும் இளைஞர் அணியிலிருந்து ஒதுங்காமலே மதுவிலிருந்து ஒதுங்க இது வழி தருகிறது.

பீரில் உள்ள பொருள்களே நேரடியாக நன்மை செய்கின்றனவா என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த பெரிய சான்று மியூனிக்கிலிருந்து வந்தது. மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியமும் ஹாப்ஸும் பாலிஃபீனால் என்னும் தாவரப் பொருள்களை நூற்றுக்கணக்கில் கொண்டவை. பீரின் பாலிஃபீனால்களில் சுமார் 70 விழுக்காடு மால்ட்டிலிருந்தும் மீதி ஹாப்ஸிலிருந்தும் வருகின்றன. ஃபெருலிக் அமிலம், கேட்டசின், ஹாப்ஸுக்கே உரிய சாந்தோஹ்யூமால் ஆகியவை அவற்றில் சில. சோதனைக் குழாயில் இவை அழற்சியை அடக்கவும் கிருமிகளைத் தடுக்கவும் செய்வது முன்பே தெரிந்திருந்தது. மனித உடலில் அது நடக்கிறதா என்று பார்க்க, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோஹானஸ் ஷெர், மார்ட்டின் ஹாலே ஆகியோரின் குழு 2009ஆம் ஆண்டு மியூனிக் மாரத்தானைத் தேர்ந்தெடுத்தது. சராசரி வயது 42 கொண்ட 277 ஆண் ஓட்டக்காரர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 142 பேருக்குப் பாலிஃபீனால் நிறைந்த ஆல்கஹாலற்ற கோதுமை பீர், 135 பேருக்கு அதே சுவையில் பாலிஃபீனால் இல்லாமல் தயாரித்த பானம். எது யாருக்கு என்பது ஓட்டக்காரர்களுக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்புவரை, நாளுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை அவர்கள் குடித்தனர்.

ஓட்டம் முடிந்த உடனும், 24 மணி, 72 மணி கழித்தும் இரத்தம் எடுக்கப்பட்டது. அழற்சியின் அடையாளமான இன்டர்லூகின்-6 ஓட்டம் முடிந்த உடனே எல்லோருக்கும் உயரும். பீர் குடித்தவர்களிடம் அந்த உயர்வு குறைவாக இருந்தது. வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. எல்லோர் கவனத்தையும் ஈர்த்தது சளி, தொண்டைவலி போன்ற மேல் சுவாசப்பாதைத் தொல்லைகளின் கணக்கு. பந்தயத்துக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் அவை பீர் குடித்தவர்களிடம் 3.25 மடங்கு குறைவாக இருந்தன. பியோங்சாங்கில் ஜெர்மன் பனிச்சறுக்கு அணியின் மருத்துவராக இருந்தவர் இதே யோஹானஸ் ஷெர். ஒலிம்பிக் கிராமத்துக்குப் பீர் சென்ற வழி இதிலிருந்து விளங்கும்.

இவ்வளவு பேரை வைத்து, இவ்வளவு கட்டுக்கோப்பாகச் செய்த விளையாட்டு உணவு ஆய்வுகள் குறைவு. அந்த மதிப்பை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதன் எல்லைகளையும் உடன் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது எர்டிங்கர் ஆலை. முடிவுகள் பொய் என்று இதனால் ஆகிவிடாது, ஆனால் தொடர்பற்ற வேறொரு குழு இதே அளவில் திரும்பச் செய்து காட்டும்வரை முடிவைத் தற்காலிகமாகவே கொள்வது முறை. சோதனையில் பெண்கள் இல்லை. நோய்த் தொல்லை என்பது வினாப்பட்டியலுக்கு ஓட்டக்காரர்களே அளித்த பதிலிலிருந்து எடுத்தது. இன்னொன்று முக்கியமானது: ஐந்து வாரம் தினமும் ஒன்றரை லிட்டர் வரை குடித்துக் கிடைத்த பலன் இது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் பின் ஒரு கோப்பை குடிப்பவர் அதே பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. விளம்பரங்கள் பெரும்பாலும் மறைத்துவிடும் வேறுபாடு இது. முடிவுக்கோட்டில் கிடைக்கும் கோப்பைக்கும் மியூனிக் ஆய்வுக்கும் உள்ள தொடர்பு, பெயரளவிலானது.

மாரத்தானுக்குப் பின் சளி பிடிப்பது என்ற கருத்தே இன்று விவாதத்தில் இருக்கிறது. 1983இல் வெளியான, கேப் டவுன் ஓட்டம் ஒன்றைப் பற்றிய ஆய்வில் ஓடியவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், ஓடாதவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் சுவாசத் தொல்லை தெரிந்தது. 1990இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஆய்வு 12.9, 2.2 விழுக்காடு என்றது. கடும் ஓட்டம் சில மணி நேரம் நோய் எதிர்ப்பாற்றலில் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது என்ற கொள்கை இவற்றிலிருந்து எழுந்தது. 2018இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜான் கேம்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் இதை மறுத்து எழுதினர். வெள்ளையணுக்கள் இரத்தத்திலிருந்து குறைவது அவை அழிவதால் அல்ல, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போவதால் என்பது அவர்கள் வாதம். பந்தயக் கூட்டம், பயணம், தூக்கக்குறைவு, வறண்ட காற்று தொண்டையைப் புண்ணாக்குவது ஆகியவையும் சளி போன்ற தொல்லைகளுக்குக் காரணமாகலாம். அப்படியானால், பீரின் பாலிஃபீனால்கள் தணித்தது கிருமித் தொற்றையா தொண்டையின் அழற்சியையா என்பது திறந்த கேள்விதான்.

அழற்சியைக் குறைப்பது எப்போதும் நல்லதா என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். தசை வலுப்பெறுவதற்கு அந்த அழற்சியே ஒரு சமிக்ஞை. ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் மிகேல் ரிஸ்டோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களில் நாளுக்கு ஒரு கிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் கூடும் பலன் கிடைக்கவில்லை, மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. ஆல்கஹாலற்ற பீரின் பாலிஃபீனால் அளவு இந்த மாத்திரைகளின் அளவோடு ஒப்பிடத்தக்கதல்ல. ஆனாலும் பயிற்சிக் காலத்தில் உடலைத் தகவமைய விடுவதும், பந்தய நாளையொட்டி அழற்சியைத் தணிப்பதும் இருவேறு தேவைகள் என்பது பயிற்சியாளர் நினைவில் கொள்ளத்தக்கது.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு சிறு சான்று உண்டு. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரீமதுரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 17 செவிலியர்கள் இரவு உணவோடு 330 மில்லி ஆல்கஹாலற்ற பீரை இரண்டு வாரம் குடித்தனர். அவர்கள் முன்னைவிட விரைவாகத் தூங்கினர், படுக்கையில் புரள்வதும் குறைந்தது. ஹாப்ஸின் தூக்கமூட்டும் இயல்பு இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர், எண்ணிக்கையும் சிறிது. ஆல்கஹாலோ தூக்கத்தின் பின்பாதியைக் கெடுப்பது என்பதால், மாலை ஆட்டத்துக்குப் பின் பீருக்குப் பதில் இதைக் குடிப்பவர் அந்த வகையிலும் இழப்பதற்கு ஏதுமில்லை.

தினமும் குடிப்பதற்கோ இது பாதுகாப்பான பானம் என்று சொல்லிவிட முடியாது. மியூனிக் ஆய்வு அளவில் ஒன்றரை லிட்டர் என்பது நாளுக்கு 350 கலோரிக்கு மேல். வாரம் 80 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது பொருட்டல்ல. அரை மணி நேரம் நடந்து திரும்புபவருக்கு, நடந்து எரித்ததைவிட அதிகம். 2025இல் வெளியான ஓர் ஆய்வில் 44 இளைஞர்கள் நான்கு வாரம் நாளுக்கு 660 மில்லி ஆல்கஹாலற்ற பீரோ தண்ணீரோ குடித்தனர். பழச்சுவை கலந்த வகை, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடையும் உயர்த்தியது. கோதுமை வகையில் இன்சுலினும் ட்ரைகிளிசரைடும் கூடின. நீரிழிவு உள்ளவரும் அதன் விளிம்பில் இருப்பவரும் சத்துப் பட்டியலில் சர்க்கரையைப் பார்த்து, மிகக் குறைந்ததைத் தேர்வது நல்லது. பார்லியும் கோதுமையும் குளூட்டன் கொண்டவை என்பதால் சீலியாக் நோயாளிகளுக்கு இது ஆகாது. ஆல்கஹாலை நீக்கினாலும் பியூரின் நீங்குவதில்லை, ஆகவே கீல்வாதத்தில் யூரிக் அமிலக் கட்டுப்பாடு உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும், மதுவைச் சமயக் காரணத்தால் ஒதுக்குபவர்களும் 0.5 விழுக்காட்டு வகையையும் 0.0 வகையையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

பந்தயம் முடித்த ஒருவர் இதைப் பயன்படுத்தும் முறை எளியது. முதல் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர், அதோடு உப்புள்ள உணவு, முட்டையோ தயிரோ பருப்போ போன்ற புரதம், மீதித் தாகத்துக்குத் தண்ணீர். சிறுநீர் வெளிர் மஞ்சளாகத் திரும்பும்வரை சிறிது சிறிதாகக் குடித்தால் போதும். வாயு நிறைந்த பானம் களைத்த வயிற்றை உப்பச் செய்யும் என்பதால் ஒரே மூச்சில் குடிப்பது நல்லதல்ல. மதுப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. பீரின் வாசனையும் கசப்பும் நுரையும் புட்டியின் வடிவமும் பழைய ஏக்கத்தைக் கிளறிவிடக்கூடியவை, ஆல்கஹால் இல்லாதிருப்பது அதைத் தடுப்பதில்லை. ஆகவே ஓட்டப் பந்தய ஏற்பாட்டாளர்கள் முடிவுக்கோட்டில் பீரை மட்டும் வரிசையாக அடுக்காமல், தண்ணீரும், ஜெர்மனியில் எங்கும் கிடைக்கும் ஆப்பிள்சாறு கலந்த சோடாவும், உப்புச் சேர்த்த பானமும் தனி மேசையில் வைக்க வேண்டும்.